ஓடாத பம்பின் முக்கால் மணி

ரைன் நதியில் ஓடும் கொள்கலன் கப்பல் ஒன்றில் பதினாறு வருடமாக மாலுமியாக இருக்கிறேன். பதினான்கு நாள் கப்பலில், பதினான்கு நாள் வீட்டில். வீடு வுப்பர்டாலில், மூன்றாம் மாடியில், ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும். மனைவியும் நானும் பிரிந்து பதினொரு வருடம் ஆகிறது. அந்த வீட்டுக்குள் என்னைத் தவிர வந்து போகிறவர் அறையைச் சூடாக்கும் ஹீற்றரின் மானியை வாசிக்கிற ஆள் மட்டும்தான், வருடத்துக்கு ஒரு முறை.

கப்பலில் என் பொறுப்பு பலாஸ்ட் தண்ணீர். சுமை இல்லாத கப்பல் நீருக்கு மேலே உயர்ந்துவிடும். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும், பாலங்களுக்குக் கீழே புகவும் இடம் போதாது. அதனால் ஆற்று நீரையே பம்பால் இழுத்து, கப்பலின் இரட்டைச் சுவர்களுக்கிடையில் இருக்கும் தாங்கிகளில் நிரப்பிக் கப்பலைக் கீழே அமர்த்துவோம். சுமை ஏறும்போது அந்த நீரைத் திரும்ப ஆற்றில் விடுவோம். ஆற்றில் எடுத்ததை ஆற்றில் விடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். தாங்கிக்குள் கிடந்த நாட்களில் அதில் ஒரு சொட்டு எண்ணெய் சேர்ந்திருக்கலாம், அதுதான் விஷயம். வெளியே விடுவதற்கு முன் தாங்கியின் மூடியைத் திறந்து, கயிற்றில் ஒரு கண்ணாடிப் போத்தலை இறக்கி, நீர் மொண்டு, வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். மணந்தும் பார்க்க வேண்டும். படலம் தெரிந்தால் ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக்கூடாது. கழிவு உறிஞ்சும் படகை அழைத்து ஒப்படைத்துவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும்.

இவையெல்லாம் ஒரு புத்தகத்தில் ஏறும்; மாறி வரும் மற்றக் குழுவுக்கு வேறு புத்தகம். எந்தத் தாங்கி, எங்கே எடுத்தது, எங்கே விட்டது, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பம்பு மொத்தம் ஓடிய மணிகளைக் காட்டும் மானியின் இலக்கம், சோதனையின் முடிவு. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கப்டன் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் நிறுவனமும் நாங்கள் சுமை ஏற்றும் துறைமுகங்களும் இதில் கண்டிப்பு. நீர்ப் பொலிஸார் கப்பலில் ஏறினால் இரண்டாவது நிமிடத்தில் அந்தப் புத்தகத்தைத்தான் கேட்பார்கள்.

ஆறு வருடமாக அது என் கையெழுத்தில் இருந்தது. நீல மை, நேர் கோடு, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. அலுவலகத்திலிருந்து ஒரு முறை அதன் ஒரு பக்கத்தைப் படியெடுத்து மற்றக் கப்பல்களுக்கு மாதிரியாக அனுப்பினார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட நாள் எனக்கு நல்ல நாள். சொல்வதற்கு ஆள் இருக்கவில்லை; நாட்குறிப்பில் எழுதினேன்.

அது எப்படி அவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பம்பு இருப்பது கப்பலின் முன்பக்கத்தில், ஏணியால் இறங்கும் ஒரு சின்ன அறையில். அதன் இரும்புச் சுவர்கள் எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும். கையுறையைக் கழற்றினாலும் கை ஈரம். முதல் வருடம் வேலை முடிந்ததும் அங்கேயே நின்று எழுதினேன். மை பரவியது, பெருவிரல் அடையாளங்கள் விழுந்தன. அந்தப் பக்கங்களைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. இரண்டாவது வருடத்திலிருந்து வேறொரு முறைக்கு வந்தேன். வேலைக்குப் போவதற்கு முன், உலர்ந்த கையோடு குசினி மேசையில் இருந்து, முழு வரியையும் எழுதிவிடுவேன். பிறகு போய் எழுதியபடியே செய்வேன். இடப்பக்க நாலாம் தாங்கி காலியாக முக்கால் மணி நேரம் ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். ஆகவே தொடங்கும் நேரம், முடியும் நேரம், மானியின் இலக்கத்தோடு முக்கால் மணி கூட்டினால் வரும் இலக்கம், எல்லாம் முன்கூட்டியே தெரியும். சோதனையின் முடிவும் எப்போதும் ஒன்றுதான்: தெளிவு. மழை வந்தாலும் எழுதிய நிமிடத்துக்குப் போய் வால்வைத் திறந்தேன். பொய் எழுதுகிறேன் என்ற நினைப்பு ஒரு நாளும் வந்ததில்லை.

எங்கள் கப்டன் ஒரு பெண். முப்பத்து மூன்று வயது. தாயும் தகப்பனும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். பிள்ளை டுசல்டோர்ஃபில் பிறந்து, பள்ளி முடித்து, கப்பல் வேலைக்கே அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தவள். என்னை அண்ணை என்பாள். மற்றவர்கள் முன்னால் நான் அவளைக் கப்டன் என்பேன், தனியே என்றால் பிள்ளை. நான்கு வருடமாக இருவருக்கும் ஒரே பதினான்கு நாள் முறை. ஒரு கப்பலில் இரண்டு தமிழர் என்றால் கதை ஓயாது என்று வெளியில் நினைப்பார்கள். உண்மையில் குளிர்பெட்டியில் அவளுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. அவள் சமைக்கும் நேரம் வேறு, நான் சமைக்கும் நேரம் வேறு. நான் வேலை செய்யும்போது அவள் ஓய்வில் இருப்பாள். எங்கள் பேச்சு பெரும்பாலும் வோக்கிடோக்கியில் போகும்: பின் கயிறு கட்டியாச்சோ, கட்டியாச்சு. ஒரு முறை அவள் கப்பல் ஓட்டும் அறையிலிருந்து இறங்கி வந்து சொன்னாள்:

"அண்ணை, உங்கட மீன் குழம்பு மேல வந்து எனக்குப் பக்கத்தில நிண்டு கப்பல் ஓட்டுது. கொஞ்சம் கதவைச் சாத்துங்கோ."

அந்தக் கிழமையின் ஏழு நாளிலும் நாங்கள் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

சென்ற வருடம் மரங்கள் துளிர்க்கும் காலம். கொலோனுக்குக் கீழே ஒரு துறைமுகத் தேக்கத்தில் காலை எட்டு மணிக்குக் கப்பலைக் கட்டினோம். இரண்டு மணிக்குத்தான் சுமை ஏற்றத் தொடங்குவார்கள். கப்டன் விடியற்காலையிலிருந்து சுக்கான் பிடித்திருந்ததால் சட்டப்படி ஓய்வுக்குப் போய்விட்டாள். எங்களோடு இருந்த போலந்துக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நான் குசினி மேசையில் இருந்து எழுதினேன்: நாலாம் தாங்கி, இடப்பக்கம், 10.40 முதல் 11.25 வரை, தேக்கத்தில் வெளியேற்றப்பட்டது, சோதனை: தெளிவு. மானியின் இலக்கத்தையும் எழுதினேன். மை காயும் வரை பார்த்திருந்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

மூடியைத் திறந்து, போத்தலை இறக்கி, தூக்கி, தாளுக்கு எதிரே பிடித்தேன். நகக்கண் அளவில் ஒரு படலம். ஊதாவும் பச்சையும். போத்தலைக் கழுவி இரண்டாவது தடவை மொண்டேன். அதிலும் இருந்தது. வால்வுகளைத் தூரத்திலிருந்து திறக்கும் எண்ணெய்க் குழாய் அந்தத் தாங்கிக்கு ஊடாகப் போகிறது. அந்த எண்ணெயின் மணம் எனக்குத் தெரியும். மூடியை இறுக்கினேன். பம்பைத் தொடவில்லை.

உடனே கப்டனை எழுப்பியிருக்க வேண்டும். அவள் தூங்கி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஒரு மணி வரை விடுவோம் என்று நினைத்தேன். புத்தகத்தில் எழுதிய வரியையும் அப்போதே அடித்திருக்க வேண்டும். அடிக்கோலை எடுத்து வைத்தேன். அது அந்தப் புத்தகத்தின் முதல் அடித்தலாக இருந்திருக்கும். பக்கங்களுக்கு இலக்கம் அச்சிட்டிருக்கிறது, கிழித்துவிட்டுப் புதிதாக எழுத முடியாது என்பது தெரிந்தும், அந்தப் பக்கத்தை எப்படிக் காப்பாற்றலாம் என்று யோசித்துக்கொண்டே கேத்திலில் தண்ணீர் வைத்தேன்.

நீர்ப் பொலிஸின் படகு வந்து எங்கள் பக்கத்தில் ஒட்டியது பன்னிரண்டரைக்கு. எங்கள் கப்பலுக்கும் பாரந்தூக்கி நின்ற கரைச்சுவருக்கும் இடையில் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் ஒன்று நீளமாகக் கிடந்தது. தூக்கியின் மேலே இருந்தவர் கண்டு அறிவித்திருக்கிறார். நான் அதுவரை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஏறி வந்தவர்கள் இருவர்: ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி, மாதிரிப் போத்தல்கள் கொண்ட பெட்டியோடு அவருடைய உதவியாளர். அதிகாரி புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். கடைசி வரியை வாசித்தார், யன்னல் வழியாக வெளியே பார்த்தார், மறுபடி வாசித்தார்.

கப்டனை எழுப்பச் சொன்னார்கள். கட்டாத தலைமுடியோடும் காலுறையோடும் அவள் குசினிக்கு வந்து நின்றாள். கப்பலுக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் அவளை விசாரிப்பதாகவும், பதில் சொல்லாமலிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்றும் அதிகாரி சொன்னார். அவள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் விட்டனீங்களோ?"

"இல்லை."

"புத்தகத்தில கிடக்கே."

"ஓம்."

ஜெர்மனில் பேசும்படி அதிகாரி கேட்டுக்கொண்டார். நான் ஜெர்மனில் சொன்னேன்: படலம் கண்டேன், நிறுத்திவிட்டேன், தாங்கி இன்னும் நிரம்பியே இருக்கிறது. உதவியாளர் அளவுகோலை விட்டுப் பார்த்தார், நிரம்பித்தான் இருந்தது. ஆனால் அது எதையும் நிரூபிக்காது என்றார் அதிகாரி. எழுதிய நேரத்தில் வெளியே விட்டு, படலத்தைக் கண்டு பயந்து, மறுபடி நிரப்பியிருக்கலாம். அதற்கு நேரம் போதும். தாங்கியில் எண்ணெய் இருக்கிறது என்பதை நானே போத்தலில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பத்து நாற்பதிலிருந்து இதுவரை என்னை யாராவது கண்டார்களா என்று கேட்டார். இல்லை. யாரோடாவது பேசினீர்களா? இல்லை. தொலைபேசியில்? அதுவும் இல்லை. அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். அந்த மூன்று இல்லையும் அன்றைக்கு மட்டும் உரியவை என்று அவர் எண்ணியிருக்கலாம்.

அவர்கள் கேட்காத ஒன்று எனக்குத் தெரியும். பம்பின் மானி. முத்திரையிட்ட மானி அது; பம்பு ஓடினால் மட்டுமே ஓடும், கையால் திருப்ப முடியாது. இப்போது போய்ப் பார்த்தால் அதன் இலக்கம் என் வரியில் உள்ளதை விட முக்கால் மணி குறைவாக இருக்கும். பம்பு ஓடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கப்டனுக்கு ஒன்றும் வராது. ஆனால் அது இன்னொன்றையும் காட்டும்: இந்த ஆள் இன்னும் மானியில் வராத இலக்கத்தைப் புத்தகத்தில் எழுதுகிறான். அதன் பிறகு அந்தப் புத்தகத்தில் எந்த வரியை யார் நம்புவார்கள்? எனக்கென்று ஒழுங்காக இருந்த ஒரே பொருள் அதுதான். ஆறிப்போன கேத்திலை மறுபடி போட்டேன். அது கொதித்துத் தானாக நின்ற பிறகு மானியைப் பற்றிச் சொன்னேன்.

நால்வரும் ஏணியால் இறங்கினோம். உதவியாளர் மின்விளக்கைப் பிடித்து இலக்கத்தை வாசித்தார். அதிகாரி புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் படம் எடுத்தார். பிறகு பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தின் மேல் விரலை ஓட்டினார். நீர் வடியும் சுவரைப் பார்த்தார். எண்ணெய் பட்ட பலாஸ்ட் புத்தகங்களையும் கோப்பி சிந்தியவற்றையும், இரத்தம் பட்ட ஒன்றையும்கூடத் தான் கண்டதுண்டு, இப்படி உலர்ந்த ஒன்றைக் கண்டதில்லை என்று சொன்னார். எப்போது எழுதுவீர்கள் என்று கேட்டார். முன்பே, என்றேன். எவ்வளவு காலமாக? ஐந்து வருடமாக.

அவர் கடிந்துகொள்ளவில்லை. புத்தகத்தை பிளாஸ்ரிக் பையில் போட்டு ஒட்டி, அதற்கு ஒரு சீட்டு எழுதித் தந்தார். தாங்கியிலும் தேக்கத்திலும் மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன பிறகு கப்டன் குசினியில் என் எதிரே இருந்தாள்.

"எத்தினை வரி முன்னுக்கே எழுதினனீங்கள்?"

"எல்லாம்."

"எல்லாமெண்டா?"

"முதல் வருஷத்தைத் தவிர."

"அப்ப நான் வந்த நாள் தொட்டு."

"எழுதினபடிதான் செய்தனான் பிள்ளை. ஒரு நாளும் மாறேல்லை."

"இண்டைக்கு மாறிச்சுதே."

படலத்தைக் கண்ட உடனே தன்னை எழுப்பியிருக்கலாமே என்றாள். நித்திரையாக இருந்தாய் என்றேன்.

"என்ர நித்திரைக்கும் நீங்கள்தான் நேரம் குறிக்கிறதோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ என்ர கையெழுத்து அண்ணை. நான் ஒண்டையும் வாசிச்சுப் பாக்கேல்லை. ஏன் தெரியுமோ? உங்கட எழுத்து அவ்வளவு வடிவு."

அவளுடைய பட்டெண்ட், அதாவது கப்பல் ஓட்டும் உரிமப் பத்திரத்தின் ஒரு பிரதியை, அவளுடைய தாய் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கொழுவி வைத்திருப்பதாக அப்போதுதான் சொன்னாள். உரிமம் போனால் அதை யார் போய் இறக்குவது, நீங்களோ, என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

இருவருக்கும் கடிதம் வந்தது. தேக்கத்தில் கிடந்தது எங்கள் எண்ணெய் இல்லை என்று மாதிரிகள் காட்டிவிட்டன. அது எங்கிருந்து வந்தது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. உறிஞ்சும் படகு வந்து எங்கள் தாங்கியைக் காலியாக்கியது, குழாயைச் சரிசெய்தார்கள். பொய்யான பதிவுகள் தனி விஷயம் என்று எழுதியிருந்தது. நான் என் விளக்கத்தை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். கப்டனுக்கு இதில் பங்கில்லை என்பதை மூன்று இடங்களில் சொன்னேன். ஆறு கிழமை காத்திருந்தோம். அந்த ஆறு கிழமையில் வோக்கிடோக்கிப் பேச்சும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியது. முடிவு வந்தபோது அவளுடைய உரிமம் தப்பியது; வாசிக்காமல் கையெழுத்து வைத்ததற்கு எச்சரிக்கை. எனக்குத் தண்டமும் எச்சரிக்கையும். என்னை வைத்திருப்பதா என்று நிறுவனம் அவளிடம் கேட்டது. வைத்திருக்கலாம், ஆனால் புத்தகம் இனித் தன் கையில் என்று அவள் எழுதியிருக்கிறாள். அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது ஒவ்வொரு முறையும் அவளும் ஏணியால் இறங்கி வருகிறாள். நான் போத்தலைத் தூக்கிக் காட்டுகிறேன், மானியைப் பார்த்து இலக்கத்தைச் சொல்கிறேன், அவள் நின்றபடி எழுதுகிறாள். புதிய புத்தகம் ஒரு கிழமைக்குள் ஊறிப் பொருமிவிட்டது. அவளுடைய எழுத்து நண்டு ஓடியது போல. பம்பு ஓடும் முக்கால் மணி நேரமும் இருவரும் அந்தச் சின்ன அறையில் நிற்க வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு பயணங்களில் அவள் தன் தொலைபேசியைப் பார்த்தாள், நான் வால்வைப் பார்த்தேன். மூன்றாவது பயணத்தில் பம்பின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டாள்:

"அண்ணை, வேற என்னத்தை முன்னுக்கே எழுதி வைச்சிருக்கிறியள்? நாளைக்கு நான் என்ன சமைப்பன் எண்டும் கிடக்குதோ?"

"பாஸ்டா. அதை எழுதத் தேவையில்லை."

சிரித்தாள். அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை. நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி என்னோடு வுப்பர்டாலுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் நாட்குறிப்புகளை எடுத்து மேசையில் வைத்தேன். வருடத்துக்கு ஒன்று. அவற்றை நான் காலையில், கோப்பி குடித்த பிறகு எழுதுகிறேன். பின்னேரம் கண் களைத்துவிடும், எழுத்து சாயும். அன்று செய்ய இருப்பதைச் செய்ததாக எழுதுவேன். பிறகு செய்வேன். ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தேன். "மாலை 6: அக்காவுடன் பேசினேன். சுகம்." அக்கா கொலோனில் இருக்கிறா, என்னை விட ஐந்து வயது மூத்தவ, அத்தான் இறந்த பிறகு தனியே. அடுத்த ஞாயிறும் அதே வரி. அதற்கு அடுத்ததும். சில ஞாயிறுகளுக்கு அவவின் குரல் ஞாபகம் வந்தது. பலவற்றுக்கு வரி மட்டும்தான் இருந்தது.

அக்காவுக்கு அழைத்தேன். புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

"ஆருக்கு என்ன?" என்றுதான் தொடங்கினா.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா. ஒண்டு கேக்கோணும். ஞாயிற்றுக்கிழமையில ஆறு மணிக்கு நான் உங்களோட கதைக்கிறனான் தானே?"

"ஞாயிறு ஆறு மணிக்கு நான் வீட்டில நிக்கிறேல்லையே. கோயிலில மரக்கறி வெட்டப் போறனான். இப்ப ரெண்டு வருஷமாப் போறன்."

"நான் எடுக்கிறேல்லையோ?"

"நீ கடைசியா எடுத்தது ரெண்டு வருஷத்துக்கு முந்தி, என்ர முழங்கால் ஒப்பரேசன் முடிஞ்ச நேரம். கப்பல் வேலை, நேரமிருக்காது எண்டு நானும் கரைச்சல் தரேல்லை. ஏன் தம்பி, என்ன நடந்தது?"

ஒன்றுமில்லை என்றேன். முழங்கால் எப்படி என்று கேட்டேன். மழை வந்தால் குத்துகிறதாம், படி ஏற ஏலாதாம், வைத்தியரைப் பார்க்க அடுத்த டெர்மின் மூன்று மாதத்துக்குப் பிறகுதானாம். கோயிலில் வெங்காயம் வெட்டுகிற வேலையைத் தன் தலையிலேயே கட்டிவிட்டார்கள் என்று குறைப்பட்டா. ஒன்பது நிமிடம் பேசினோம். எந்த நாளில் எத்தனை மணிக்கு அழைத்தால் வீட்டில் நிற்பியள் என்று கேட்டேன். அது சொல்ல ஏலாது, எடுத்துப் பார் என்றா.

பிழையான பதிவை எப்படித் திருத்துவது என்பதை நீர்ப் பொலிஸின் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு கோடு. கீழே உள்ள எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் திகதியும் முதலெழுத்தும். அடிக்கோலை எடுத்து, இரண்டு வருட ஞாயிறுகளையும் அப்படியே அடித்தேன். கப்பலில் இருந்த ஞாயிறுகளில் அந்த வரிக்கு மேலும் கீழும் வேறு வரிகள் இருந்தன: நீர் மட்டம், பாலம், மூடுபனி. வீட்டில் இருந்த ஞாயிறுகளில் அந்த ஒரு வரிதான் இருந்தது. அடித்த பிறகு அந்த நாள்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கு வந்தபோது அதையும் அடித்தேன். கீழே, அன்றைக்கு உண்மையில் என்ன செய்தேன் என்பதை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். இந்த அறையில்தான் இருந்திருக்கிறேன், ஆறு மணியும் வந்து போயிருக்கிறது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.